மூன்று மணி நேர வெயிலில் கனகாம்பரம்

கேள்வி: மதுரைப் புறநகரில் மூன்று வருடங்களுக்கு முன்பு வீடு கட்டிக் குடிவந்தோம். வீட்டின் கிழக்குப் பக்கம், எங்கள் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே 4 அடி அகலம், 20 அடி நீளத்துக்கு மண் விட்டிருக்கிறோம். எதிரே பக்கத்து வீட்டு மாடி மறைப்பதால் காலை 9 மணிக்குத்தான் வெயில் வரும்; 12 மணிக்கெல்லாம் போய்விடும். தெற்குக் கோடியில் வேப்பமரம். இடுப்பு உயரத்தைத் தாண்டாத, வருடம் முழுவதும் பச்சையாக இருக்கிற, பூக்கிற செடியாக வேண்டும் என்று டெல்லி கனகாம்பரம் வைத்தேன். ஐப்பசி மழையில் எல்லாம் வாடிச் செத்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரின் தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது. மறுபடியும் வைத்தேன். இந்த முறை சாகவில்லை. ஆனால் கொழுந்திலைகள் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கின்றன, வளர்ச்சியே இல்லை. தினமும் சாயங்காலம் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். "நிழலில் கனகாம்பரம் பூக்காது, வேறு செடி பார்" என்கிறார் மாமியார். தலைக்குப் பூக் கட்டுவது அவருக்கு மிகவும் பிடிக்கும் என்பதால்தான் இந்தச் செடியைத் தேர்ந்தெடுத்தேன். விட்டுவிடலாமா? இன்னொரு முறை முயல்வதென்றால் எத்தனை செடி வாங்க வேண்டும்?
— ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். உங்கள் மாமியார் சொல்வது வேப்பமரத்தடிக்குப் பொருந்தும்; மூன்று மணி நேரம் நேர்வெயில் விழுகிற இடத்துக்குப் பொருந்தாது. நம் ஊர் வெப்பத்தைத் தாங்கி, இவ்வளவு குறைந்த வெயிலில், இரண்டு மூன்று அடி உயரத்திலேயே நின்று, வருடத்தின் பெரும்பகுதி பூக்கிற செடிகள் மிகக் குறைவு. அவற்றில் கனகாம்பரத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் செடிகளை நிழல் கெடுக்கவில்லை. முதல் தடவை கெடுத்தது தண்ணீர், இரண்டாம் தடவை மண். இரண்டையும் உங்களால் சரிசெய்ய முடியும்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். வெட்டவெளியில் நிற்கிற செடிக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதியை வெயிலும் காற்றும் எடுத்துக்கொள்ளும். இரண்டு சுவர்களுக்கு நடுவே நிழலில் நிற்கிற செடிக்கு அப்படி இல்லை. மேல்மண் உலர்ந்து வெளுத்துத் தெரியும், ஆனால் நான்கு விரல் ஆழத்தில் மண் குளிர்ந்து ஈரமாகவே கிடக்கும். அதன் மேல் தினமும் சாயங்காலம் ஊற்றினால், அந்த ஈரம் இரவு முழுவதும் வேரைச் சுற்றியே நிற்கும். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் நுனி வேர்கள் அழுகத் தொடங்கும். மண்ணிலுள்ள பூஞ்சைகள் அந்த வழியாக உள்ளே நுழையும். ஐப்பசியில் அடைமழையும் சேர்ந்தபோது உங்கள் செடிகள் முற்றிலும் படுத்துவிட்டன. வேரின் தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வேரழுகலுக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. செடி வாடி நிற்பதைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடுவோம். நண்பகல் வெயிலில் இலை துவண்டு, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் கவலை வேண்டாம். அது கனகாம்பரத்தின் இயல்பு. விடியற்காலையில், மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் வேர் வேலை செய்யவில்லை என்று பொருள். அப்போது ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் செடியின் சாவை விரைவுபடுத்தும்.

இரண்டாம் தடவை நடந்தது வேறு. அடியிலைகள் மொத்தமாக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு என்று சொல்லலாம். உங்கள் செடியில் முதிர்ந்த இலை பச்சையாக இருக்கிறது. கொழுந்துதான் மஞ்சள், அதிலும் நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புச்சத்து எட்டாத குறை. 'எட்டாத' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறிவிட்டால், இருக்கிற இரும்பையும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. புதிதாகக் கட்டிய வீட்டின் சுவரோரத்தில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் கலவை கொட்டியது, பூச்சு வேலையில் உதிர்ந்தது, செங்கல் உடைசல், வெள்ளையடித்த மிச்சம் எல்லாம் அந்த 4 அடிக்குள்தான் விழுந்திருக்கும். மேலே ஒரு அடுக்கு செம்மண் பரப்பி மூடியிருப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் அடி ஆழத்திலிருந்து கைப்பிடி மண்ணை எடுத்து நிழலில் உலர்த்தி, ஒரு பீங்கான் தட்டில் போட்டு, அதன்மேல் வினிகரை ஊற்றிக் காதருகே கொண்டுபோங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணானால் சிறுசிறு குமிழிகள் கிளம்பி 'சுர்'ரென்று சத்தம் கேட்கும். இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்தே கொடுங்கள். கனகாம்பரத்துக்குக் கார அமிலத்தன்மை (pH) 6 முதல் 7.5 வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் இலை வெளுக்கத் தொடங்கும்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. இப்போது பல வீடுகளில் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீரைச் செடிக்கு விடுகிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் போர் தண்ணீரிலிருந்த உப்பு முழுவதும் அந்தக் கழிவுநீரில்தான் செறிந்திருக்கிறது. வாசல் கழுவப் பயன்படுத்துங்கள். இந்தப் பாத்திக்கு விடாதீர்கள். மாடியிலிருந்து வடிகிற மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து ஊற்ற முடிந்தால் செடியின் நிறமே மாறும்.

இனி வெயில். நீங்கள் சொன்ன 9 மணி, 12 மணிக் கணக்கு எந்த மாதம் பார்த்தது என்று எழுதவில்லை. அண்மையில் பார்த்ததாகத்தான் இருக்கும். இப்போது ஆனி மாதம். சித்திரையில் மதுரைக்கு நேர் உச்சிக்கு வந்த சூரியன் வடக்கே நகர்ந்து, ஆவணியில்தான் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகும். அதனால் இந்த மாதங்களில் உங்கள் வேப்பமரத்தின் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. பாத்திக்குத் தொந்தரவு இல்லை. மார்கழியில் நிலைமை தலைகீழ். சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். 20 அடி உயரமுள்ள மரத்தின் நிழல் நண்பகலிலேயே சுமார் 13 அடி வடக்கே நீளும். இன்று வெயில் விழுகிற இடத்தில் பாதிக்கு மேல் அப்போது நிழலுக்குள் போய்விடும். எனவே செடிகளை வடக்குக் கோடியிலிருந்து தொடங்கி வையுங்கள். வேப்பமரத்தின் தாழ்ந்த கிளைகளையும் வடக்குப் பக்கம் நீண்ட கிளைகளையும் புரட்டாசிக்குள் கழித்துவிட்டால், மரமும் கெடாது, மழைக்காலக் காற்றில் கிளை முறிந்து மதில்மேல் விழும் பயமும் இருக்காது.

வீட்டின் வெளிச்சுவரையும் மதில் சுவரின் உட்பக்கத்தையும் வெள்ளையாக வைத்திருங்கள் என்பதும் என் ஆலோசனை. நேர்வெயில் போன பிறகும் வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். குறுகலான இடத்தில் இந்த வெளிச்சம் சிறிய விஷயமல்ல. வெள்ளையடிக்கும்போது பாத்தியின்மேல் தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மறுபடி மண்ணுக்குள் போகக் கூடாது.

பாத்தியை இப்படிச் செய்யுங்கள். வடக்குக் கோடியிலிருந்து 8 அடி நீளத்துக்கு மட்டும் இந்த வருடம் கை வைத்தால் போதும். ஒன்றேகால் அடி ஆழத்துக்குத் தோண்டி, கல், காரை, செங்கல் துண்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணைச் சலித்துத் திரும்பப் போட வேண்டாம். பழைய வேரழுகல் பூஞ்சையும் அதில் இருக்கும். புதிதாகச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு என்று கலந்து நிரப்புங்கள். ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் கட்டட வேலைக்கு வருகிற எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) போடாதீர்கள்; அதில் தூள் அதிகம், தண்ணீர் பட்டால் இறுகிவிடும். அதற்குப் பதிலாகக் கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவைச் சேர்க்கலாம். நிரப்பி முடித்தபோது பாத்தி தரையைவிட அரை அடி உயர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்கிறவற்றில் இந்த அரை அடி உயரம்தான் மிக முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் தொடர்ந்து பெய்தாலும் வேரடியில் தண்ணீர் நிற்காது. வீட்டுச் சுவரில் ஈரம் ஏறாதபடி சுவருக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு முழம் விட்டு, அதைக் காற்றோட்டத்துக்கும் நடந்து பூப்பறிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி கலப்பதையும் தவறவிடாதீர்கள். வேரழுகச் செய்கிற பூஞ்சைகளை ஒடுக்குகிற நல்ல பூஞ்சை இது. வேளாண் இடுபொருள் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். ஒரு கூடை தொழுவுரத்துக்கு 100 கிராம் போட்டு, தண்ணீர் தெளித்துப் புட்டுமாவுப் பதத்தில் பிசறி, ஈரச்சாக்கால் மூடி நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து பிறகு இடுங்கள். அந்த ஒரு வாரத்தில் அது பெருகிவிடும். காலாவதித் தேதி பார்த்து வாங்க வேண்டும். உயிருள்ள பொருள் என்பதால் வெயிலில் கிடந்த பொட்டலத்தில் பயன் இருக்காது.

எந்த ரகம் என்பதை அடுத்துச் சொல்கிறேன். நீங்கள் வைத்த டெல்லி கனகாம்பரம் நல்ல ரகம்தான். அடர்ந்த ஆரஞ்சு நிறம், அகன்ற இதழ், கட்டினால் சரம் நிறைவாகத் தெரியும். அது மும்மடி இனம், அதாவது குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக உள்ளது; விதை பிடிக்காது. தண்டை வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு விற்கப்படுகிற ஒவ்வொரு செடியும் எங்கோ ஒரு தாய்ச்செடியின் துண்டு. தாய்ச்செடி நின்ற மண்ணில் வேரைத் தாக்குகிற நூற்புழு இருந்தால் அது பையோடு உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும். விதையில் வருகிற சாதாரண ஆரஞ்சு வகையில் பூ கொஞ்சம் சிறுத்திருந்தாலும், செடி தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மஞ்சள், சிவப்பு வகைகளும் இருக்கின்றன. பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நம்பகமான நாற்றங்காலில் கிடைத்தால் அவையும் நல்லவை. உங்கள் தேவை மாமியார் கட்டுவதற்கான பூ. அதற்கு டெல்லியையே வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் இரண்டு விதைக் கனகாம்பரமும் இருக்கட்டும் என்பது என் ஆசை.

ஆசைக்குக் காரணம், அதன் காய் வெடிப்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதான். பூத்து முடிந்த கதிர் காய்ந்து பழுப்பாகி நிற்கும். ஒவ்வொரு செதிலுக்குள்ளும் ஒரு சிறு காய். மழையின் முதல் துளிகள் பட்டதும் அவை 'பட்' 'பட்'டென்று பிளந்து விதைகளைத் தூர எறியும். காய்ந்த கதிர் ஒன்றை ஒரு கிண்ணம் தண்ணீரில் நனைத்துத் துணியால் மூடி வைத்தால், துணிக்குள் விதைகள் தெறிக்கிற சத்தம் கேட்கும். விதை சேகரிக்கவும் அதுதான் எளிய வழி. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

செடி வாங்கும்போது பூவைப் பார்த்து வாங்காதீர்கள். பூத்துக் குலுங்கும் செடியை நாற்றங்கால்காரர் முன்வரிசையில்தான் வைத்திருப்பார். நீங்கள் பின்வரிசைக்குப் போங்கள். ஒரு சாண் உயரம், அடியிலேயே இரண்டு மூன்று கிளை, கொழுந்து பச்சையாக இருக்கிற இளஞ்செடி போதும். ஒரே ஒரு பையைக் கிழித்து வேரைக் காட்டும்படி கேளுங்கள். அந்தச் செடிக்குக் காசு கொடுத்துவிடுவதாகச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். வேர் வெள்ளையாக, நூல்நூலாக இருக்க வேண்டும். அங்கங்கே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. பயறு வகைச் செடிகளின் வேரில் இருக்கிற முடிச்சு நல்லது செய்வது. கனகாம்பரத்தின் வேரில் அப்படி நல்ல முடிச்சு எதுவும் கிடையாது. முடிச்சைப் பார்த்தால் அந்த நாற்றங்காலில் எதையுமே வாங்காமல் வந்துவிடுங்கள். கனகாம்பரம் போடுகிற விவசாயிகள் மிகவும் அஞ்சுவது இந்த நூற்புழுவுக்குத்தான். ஒரு முறை மண்ணுக்குள் வந்துவிட்டால் முழுவதும் ஒழிப்பது கடினம்.

நடுவதற்கு ஆடி மாதம் சரியான காலம். பெருமழைக்கு முன் இரண்டு மூன்று மாதம் கிடைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். வயலில் செடிக்குச் செடி ஓர் அடி விட்டால் போதும். உங்கள் இடம் காற்று குறைந்த சந்து; ஒன்றரை அடி விடுங்கள். இரண்டு வரிசை வைப்பதானால் எதிரெதிராக அல்லாமல் மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கி மண்ணோடு கலந்துவிடுங்கள். நூற்புழுவையும் ஓரளவு தடுக்கும், மெதுவாகச் சத்தும் தரும். பையில் இருந்த மண்மட்டத்துக்கு மேல் தண்டை மூடாதீர்கள். சாயங்காலத்தில் நட்டு, நன்றாக ஒரு தண்ணீர் விட்டு, அதன் பிறகு உங்கள் சாயங்காலத் தண்ணீருக்கு விடை கொடுத்துவிடுங்கள்.

இனிமேல் காலையில் மட்டும், செடியின் அடியில் மட்டும். ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். பொலபொலவென்று உதிர்ந்தால் ஊற்றுங்கள். இந்தக் கணக்கில் கோடையில் இரண்டு நாளுக்கு ஒரு முறையும், மற்ற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு முறையும் வரலாம். மழைக்காலத்தில் பல வாரம் ஊற்றவே வேண்டியிருக்காது. நாளைப் பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள்.

இப்போது பாத்தியில் நிற்கிற மஞ்சள் செடிகளைப் பிடுங்கி எறிய வேண்டாம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் புதுக்கொழுந்து பச்சையாக வரும். கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும். வைத்திருந்தால் துருநிறமாகிப் பயனற்றுப் போகும். சுவரிலும் தரை ஓட்டிலும் பட்டால் கறை விழும், கவனம். இது முதலுதவிதான். அந்த மண்ணிலேயே நிற்கிறவரை மஞ்சள் திரும்பத் திரும்ப வரும். செடி தேறியதும் வேரைப் பார்த்து, முடிச்சோ அழுகலோ இல்லையென்றால் புதுப் பாத்திக்கு மாற்றிவிடுங்கள்.

உரத்தில் தாராளம் காட்டாதீர்கள். நிழலில் நிற்கிற செடிக்குத் தழைச்சத்து அதிகமானால் இலை பெருத்து, தண்டு வெயிலைத் தேடி நீண்டு சாய்ந்துவிடும், பூ குறையும். மாதம் ஒரு கைப்பிடி மட்கிய உரம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு போதும். செடி இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது என்றீர்கள். அதற்கு உரத்தைவிட விரல் நகம்தான் உதவும். நட்டு ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு கிளையின் நுனியையும் கிள்ளிவிடுங்கள். முதலில் வருகிற கதிரையும் சேர்த்தே கிள்ள வேண்டியிருக்கும். மனம் வராது, ஆனாலும் செய்யுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை பிரியும், ஒவ்வொரு கிளையும் ஒரு கதிர் தரும். பிறகு வருடத்துக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்து வெட்டிவிட்டால் கோடை தொடங்கும்போது புதுத்துளிரோடு நிற்கும்.

பூப்பறிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. உங்கள் மாமியாருக்கு இது தெரிந்தே இருக்கும். கதிரில் பூக்கள் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசையாக விரியும். ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில், முழுவதும் விரிந்த பூவை மட்டும், குழலின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்தால் கதிர் அசையாமல் பூ கழன்றுவரும். கதிரோடு ஒடித்துவிட்டால் அதில் இன்னும் வரவேண்டிய பூக்கள் எல்லாம் போய்விடும். ஒரு கதிர் மூன்று வாரத்துக்கு மேலும் பூத்துக்கொண்டே இருக்கும். நுனிவரை பூத்து முடிந்த கதிரை அடியோடு கிள்ளி எடுத்தால்தான் அடுத்த கதிர் விரைவாக வரும். விதைக் கனகாம்பரத்தில் மட்டும் விதைக்காக இரண்டு கதிரை விட்டுவையுங்கள். பூவுக்கு மணம் கிடையாது. ஆனால் பறித்தபின் மல்லிகையைவிட நெடுநேரம் வாடாது. ஒரு தொட்டியில் மருக்கொழுந்து வைத்துக்கொண்டால் சரத்துக்கு மணமும் சேரும். மருக்கொழுந்துக்கு இதைவிட வெயில் வேண்டும். அதை மொட்டைமாடியில் வையுங்கள்.

பூச்சிகளில் மாவுப்பூச்சியும் அசுவினியும் இந்த மாதிரி காற்றில்லாத இடத்தில் வரும். வாரம் ஒரு முறை இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பரவியிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் கலக்கி, சாயங்காலத்தில் தெளியுங்கள். எறும்புகள் சாரை சாரையாகச் செடியில் ஏறுவது தெரிந்தால் மேலே எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நூற்புழுவுக்குத் துலுக்கச் சாமந்தி நடச் சொல்வார்கள். அது நல்ல முறைதான். அதன் வேரிலிருந்து கசிவது நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். ஆனால் அந்தச் செடிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். உங்கள் சந்தில் அது நோஞ்சானாகத்தான் வரும், எதிர்பார்த்த பலன் கிடைக்காது.

வேப்பமரத்தடி 6 அடியில் எந்தப் பூச்செடியையும் மண்ணில் வைக்காதீர்கள். நிழலைவிட மரத்தின் வேர்தான் அங்கே பெரிய இடைஞ்சல். ஊற்றுகிற தண்ணீரையும் உரத்தையும் அதுவே குடித்துவிடும். பச்சை வேண்டுமென்றால் மணி பிளாண்ட், சிங்கோனியம் மாதிரி இலைச்செடிகளைத் தொட்டியில் வையுங்கள். மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும்போது சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் கனகாம்பரப் பாத்தியில் மூடாக்காகப் பரப்புங்கள். கோடையில் ஈரம் காக்கும். மழைக்காலம் தொடங்கும் முன் அந்த மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒதுக்கிவிட வேண்டும்.

வேறு செடி பார்க்கலாமா என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குட்டை ரக இட்லிப் பூ வடிவத்தில் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் நன்றாகப் பூக்க அரைநாள் வெயிலாவது வேண்டும், சுண்ணாம்பு மண்ணில் கனகாம்பரத்தைவிட மோசமாக மஞ்சளாகும். நந்தியாவட்டை அரைநிழலில் பூக்கும். வருடா வருடம் வெட்டாவிட்டால் ஆளுயரத்தைத் தாண்டும். டிசம்பர் பூ அரைநிழலுக்கு ஒத்துவரும், பூப்பது பனிக்காலத்தில் மட்டும். மலைப் பகுதியில் பார்த்து ஆசைப்பட்டு அசேலியா, கமேலியா வாங்கி வருகிறவர்கள் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு உரிய அவற்றை மதுரைக் கோடையில் வைத்து வதைக்க வேண்டாம்.

கனகாம்பரம் ஆயுள் முழுக்க நிற்கிற செடி அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் தண்டு கட்டையாகி, பூ குறையும். அதற்குள் அடுத்த தலைமுறையை நீங்களே தயார் செய்துகொள்ளலாம். பூக்காத, பாதி முற்றிய கிளையின் நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த தொட்டியில் செருகி, நிழலில் ஈரப்பதமாக வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். மழைக்காலக் காற்றில் இது எளிதாகப் பிடிக்கும்.

எத்தனை செடி வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். வடக்கு 8 அடியில் ஒரே வரிசையாக 6 செடி. அதற்கு மேல் இந்த வருடம் வாங்காதீர்கள். இந்த ஆறும் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி நிற்கட்டும். மார்கழியில் வேம்பின் நிழல் எதுவரை வருகிறது என்று தரையில் ஒரு குச்சி ஊன்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குச்சிக்கு வடக்கே இன்னும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ, அதற்கு வேண்டிய செடிகளை அடுத்த ஆடியில் இந்த ஆறிலிருந்தே வெட்டி வைத்துக்கொள்ளலாம்.